சுரங்கம் மூடிய ஊரும் சூப்பர் மார்க்கெட் ஒயினும்

கோலார் தங்கவயல்: மாரிக்குப்பம் ரயில் நிலையத்தில் பொழுது புலரும் முன்னரே கூட்டம் கூடிவிடுகிறது. ஆண்டர்சன்பேட்டையிலிருந்தும் சுற்றியுள்ள குடியிருப்புகளிலிருந்தும் வருவோர், கையில் சாப்பாட்டுத் தூக்கும் தோளில் பையுமாகப் பெங்களூர் செல்லும் ரயிலுக்குக் காத்து நிற்கின்றனர். 2001 பிப்ரவரி 28-ம் தேதி தங்கச் சுரங்கங்கள் மூடப்பட்ட பிறகு, இவ்வூர்த் தமிழர்கள் பலருக்கும் சோறு போடுவது ஏறத்தாழ 100 கி.மீ. தொலைவிலுள்ள அந்த மாநகரம்தான். பூமிக்கு அடியில் 3 கி.மீ. ஆழம் வரை இறங்கி உழைத்தவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று காவலாளிகளாகவும், தையல் தொழிலாளர்களாகவும், வணிக வளாகங்களில் விற்பனையாளர்களாகவும் வேலை பார்க்கின்றனர்.

அந்த விற்பனையாளர்களில் சிலர் நாள்தோறும் அடுக்கி வைக்கும் சரக்குகளில் ஒன்று, அவர்களுடைய பெற்றோர் காலத்தில் கடையில் காணக் கிடைக்காதது. பெங்களூரின் பெரிய சூப்பர் மார்க்கெட்டுகள் சிலவற்றில், உரிமம் பெற்ற தனிப்பகுதியில், அரிசிக்கும் சோப்புக்கும் சற்றுத் தள்ளி ஒயின் புட்டிகள் வரிசை கட்டி நிற்கின்றன. ஆஸ்திரேலியா, சிலி, இத்தாலி என நாடுவாரியாக அட்டைகள். அவற்றுக்கு நடுவே நாசிக்கும் நந்தி மலையும். நந்தி மலையைச் சுற்றிய திராட்சைத் தோட்டங்கள் பலவும் 2007 ஆகஸ்டில் சிக்கபள்ளாப்பூர் மாவட்டம் பிரிக்கப்படும் வரை இதே கோலார் மாவட்டத்தின் பகுதிகளாக இருந்தவை.

தங்கவயலின் சுரங்கங்களில் ஒன்றுக்கு ஆங்கிலேயர் இட்ட பெயரே நந்திதுர்க்கம் என்பதுதான். மலையின் பெயரைச் சுரங்கத்துக்குச் சூட்டினார்கள். சுரங்கம் போயிற்று, மலையின் பெயர் இப்போது புட்டியில் வருகிறது.

ஒயின் ஷாப்பில் ஒயின் இல்லை: தமிழ் வாசகர்களுக்கு முதலில் ஒரு சொற்குழப்பத்தைத் தீர்க்க வேண்டும். நம் ஊர்ப் பேச்சில் ஒயின் ஷாப் என்றால் அங்கே பிராந்தி உண்டு, ரம் உண்டு, பீர் உண்டு, ஒயின்தான் அரிது. 2003 நவம்பர் 29-ம் தேதி முதல் தமிழகத்தில் சில்லறை மது விற்பனை முழுவதையும் டாஸ்மாக் நிறுவனம் ஏற்றுக்கொண்ட பின்னரும் அந்தப் பழைய பெயர் மக்கள் நாவிலிருந்து மறையவில்லை. கர்நாடகத்திலும் ஆந்திரத்திலும் கதை இதுவே. ஆகவே ஒயின் என்ற சொல்லைக் கேட்டதும் முகம் சுளிப்போரைக் குறை சொல்ல இயலாது. அவர்கள் அறிந்த ஒயின் ஷாப் வேறு.

உண்மையில் ஒயின் என்பது திராட்சைச் சாற்றை நொதிக்க வைத்துப் பெறுவது, காய்ச்சி வடிப்பதன்று. அதில் ஆல்கஹாலின் அளவு பொதுவாக 11 முதல் 14 சதவீதம் வரை இருக்கும். பிராந்தி, விஸ்கி வகைகளில் 42 சதவீதத்துக்கு மேல். தமிழனுக்கு இது புதியதும் அன்று. யவனர் கலங்களில் கொண்டுவந்து தந்த நறுமணத் தேறலைப் பாண்டியன் அருந்தியதைப் புறநானூற்றின் 56-வது பாடல் குறிப்பிடுகிறது. ரோமானிய மது வந்த இரு கைப்பிடிச் சாடிகளின் துண்டுகள் அரிக்கமேட்டு அகழாய்வில் கிடைத்துள்ளன. இறக்குமதி ஒயினுக்கு நம்மிடம் ஈராயிரம் ஆண்டுப் பழக்கம் உண்டு. சுங்க வரி மட்டும் அப்போது எவ்வளவு என்று தெரியவில்லை.

ஐரோப்பா ஒதுக்கிய பழம்: கோலார், சிக்கபள்ளாப்பூர், பெங்களூர் ஊரக மாவட்டங்களில் பந்தலில் படர்ந்து கருநீலமாய்க் காய்த்துத் தொங்குவது பெங்களூர் நீலத் திராட்சை. புவிசார் குறியீடு பெற்ற பயிர். தடித்த தோல், கொட்டை, தூக்கலான மணம். பழமாகத் தின்னவும், சாறு பிழியவும், ஜாம் செய்யவும் போகிறது. ஆண்டுக்கு இரு முறை அறுவடை தரக்கூடிய இந்தக் கொடியை நம்பி இப்பகுதியின் சிறு விவசாயிகள் பலர் வாழ்கின்றனர்.

ஆனால் இதன் பூர்வீகம் வட அமெரிக்கா. மேலை நாடுகளில் இசபெல்லா என்று வழங்கும் வகைதான் இது. இதிலிருந்து ஒயின் தயாரித்து விற்பதைப் பிரான்ஸ் 1930-களிலேயே தடை செய்துவிட்டது. அங்கே மதிப்புப் பெறுபவை காபர்னே சாவினியோன், ஷிராஸ், செனின் பிளாங்க், சாவினியோன் பிளாங்க் போன்ற வேறு இனத் திராட்சைகள். அவை பந்தலில் அன்றி, கம்பி வேலியில் வரிசையாக வளர்க்கப்படுகின்றன. கொடிக்கு இத்தனை கொத்து என்று கணக்குப் பார்த்து மிச்சத்தை வெட்டி எறிவார்கள். விளைச்சல் குறைந்தால்தான் சாறு செறியும். நிறையக் காய்த்தால் மகிழும் நம் விவசாயிக்கு இதைப் புரியவைப்பது எளிதாக இருந்திருக்காது.

அந்த வகைகளைத் தென்னிந்தியாவில் நிலைநிறுத்தியவர் கன்வல் குரோவர். நந்தி மலை அடிவாரத்தில் தொட்டபள்ளாப்பூர் அருகே 1988-ல் தோட்டம் அமைத்தார். பின்னர் பிரான்ஸின் புகழ்பெற்ற ஒயின் ஆலோசகர் மிஷேல் ரோலான் அந்நிறுவனத்துக்கு வழிகாட்டினார். வடக்கே மகாராஷ்டிரத்தின் நாராயண்காவில் ஷாம்ராவ் சௌகுலேயின் இண்டேஜ் நிறுவனம் 1980-களிலேயே நுரைக்கும் ஒயினைத் தயாரித்து வெளிநாட்டுக்கு அனுப்பியது. அளவுக்கு மீறிக் கிளை பரப்பியதில் அது பின்னர் கடனில் மூழ்கியது. நாசிக்கில் ராஜீவ் சாமந்த் தொடங்கிய சூலா நிறுவனம் 2022 டிசம்பரில் பங்குச் சந்தைக்கே வந்துவிட்டது. கர்நாடகத்தில் சன்னபட்டணத்திலும் அதற்கு ஆலை உண்டு.

பெங்களூர் நீலத்திலும் ஒயின் தயாராகத்தான் செய்கிறது. விலை மலிவான, இனிப்பு மிகுந்த சிவப்பு ஒயின்கள் பல இதுபோன்ற பழங்களிலிருந்து வருபவை. அவற்றை இகழ வேண்டியதில்லை. கிறிஸ்துமஸ் கேக்குடன் அருந்த அதுவே பொருத்தம் என்போர் உண்டு. ஆனால் எதை வாங்குகிறோம் என்று தெரிந்து வாங்க வேண்டும். லேபிளில் திராட்சை வகையின் பெயரே இல்லையென்றால் அதற்குக் காரணம் இருக்கும்.

2007 என்ற ஆண்டு: இந்தக் கதையில் 2007-ஐ விட முக்கியமான ஆண்டு இல்லை. அவ்வாண்டு ஜூலை 1-ம் தேதி கர்நாடக அரசு சாராய விற்பனையைத் தடை செய்தது. பாக்கெட் சாராயத்தால் குடும்பங்கள் சீரழிந்த பகுதிகளில் தங்கவயலின் தொழிலாளர் குடியிருப்புகளும் அடங்கும். அந்தத் தடையை வரவேற்றவர்களில் பெண்கள் முன்னணியில் இருந்தனர். அதே ஆண்டில் அதே அரசு, திராட்சை பதப்படுத்தலுக்கும் ஒயின் தயாரிப்புக்கும் ஊக்கமளிக்கும் கொள்கையைக் கொண்டுவந்தது. ஒயின் வாரியமும் அமைந்தது. மகாராஷ்டிரம் 2001-ல் போட்ட பாதை அது.

சாராயத்தை மூடியதும் ஒயினைத் திறந்ததும் ஒரே ஆண்டில் நிகழ்ந்ததில் முரண் இருக்கிறதா? அரசின் வாதம், ஒயின் விவசாயிக்குப் பயன் தருவது, அதில் போதை குறைவு என்பது. சாராயம் குடித்தவர் மறுநாள் ஒயினுக்கு மாறவில்லை. மலிவு விலை விஸ்கிக்கும் ரம்முக்கும்தான் மாறினார். ஒயின் சென்று சேர்ந்தது வேறு வர்க்கத்துக்கு. இந்த வேறுபாட்டை மறைத்துவிட்டு ஒயினைப் பற்றிப் பேசுவதில் நேர்மை இல்லை.

மூன்றாவது நிகழ்வும் அதே ஜூலையில்தான். உலக வர்த்தக அமைப்பில் அமெரிக்காவும் ஐரோப்பிய ஒன்றியமும் புகார் கூறியதையடுத்து, இறக்குமதி மதுவின் மீதான கூடுதல் சுங்க வரியை மத்திய அரசு விலக்கிக்கொண்டது. ஆனால் ஒயின் மீதான அடிப்படைச் சுங்க வரியை 100 சதவீதத்திலிருந்து 150 சதவீதமாக உயர்த்திவிட்டது. ஒரு கையால் கொடுத்து மறு கையால் வாங்கிய கதை.

புட்டியின் விலை எப்படி ஏறுகிறது: ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம். துறைமுகத்தில் இறங்கும்போது ரூ. 400 மதிப்புள்ள ஒரு புட்டிக்கு 150 சதவீத வரி என்றால் ரூ. 600. கப்பலை விட்டு இறங்கும்போதே அது ரூ. 1,000 ஆகிவிட்டது. 2021 மத்திய பட்ஜெட்டில் இந்த வரி 50 சதவீத சுங்கமாகவும் 100 சதவீத வேளாண் உள்கட்டமைப்பு செஸ்ஸாகவும் பிரிக்கப்பட்டது. மொத்தச் சுமை மாறவில்லை. அதன் பிறகு மாநிலக் கலால் வரி, இறக்குமதியாளர் பங்கு, கடைக்காரர் லாபம். குடிப்பதற்கான மது ஜி.எஸ்.டி.க்கு வெளியே நிற்பதால் ஒவ்வொரு மாநிலமும் தனி நாடு போலத்தான். ஒவ்வொன்றுக்கும் தனி லேபிள் பதிவு, தனிக் கட்டணம். கர்நாடகத்தில் விற்கும் மது 2003-ல் அமைந்த மாநில பானங்கள் கழகத்தின் வழியாகவே கடைக்குச் செல்ல வேண்டும். "கர்நாடகத்தில் மட்டும் விற்பனைக்கு" என்று புட்டியிலேயே அச்சிட்டிருப்பார்கள். தங்கவயலிலிருந்து ஆந்திர எல்லையும் தமிழக எல்லையும் கூப்பிடு தூரம். எல்லை தாண்டினால் அந்தப் புட்டியின் சட்டத் தகுதியே மாறிவிடும்.

எனவே இங்கிலாந்திலோ ஜெர்மனியிலோ சூப்பர் மார்க்கெட்டில் மலிவாக நல்ல ஒயின் கிடைப்பதை நம் நாட்டோடு ஒப்பிட இயலாது. அங்கே பெரிய கடைச் சங்கிலிகள் தோட்டங்களிலிருந்து மொத்தமாக வாங்கித் தங்கள் பெயரிலேயே அடைத்து விற்கின்றன. விலையைப் பேரம் பேசும் வலிமை கடைக்காரரிடம் இருக்கிறது. இங்கே அந்த வலிமை வரித்துறையிடம் இருக்கிறது. வெளிநாட்டில் சாதாரணமாகக் கருதப்படும் புட்டி இங்கே வரி ஏறியதாலேயே உயர்ரகம் போலத் தோன்றுகிறது. அதே விலைக்கு இந்தியத் தோட்டங்களின் மேல்தர ஒயினை வாங்கலாம். பெரும்பாலும் அதுவே நல்ல தேர்வு.

2022 டிசம்பர் 29-ம் தேதி நடைமுறைக்கு வந்த ஆஸ்திரேலிய வர்த்தக ஒப்பந்தம் இந்த நிலையைச் சற்று அசைத்தது. குறைந்தபட்சம் 5 டாலர் இறக்குமதி மதிப்புள்ள புட்டிகளுக்கு வரி 100 சதவீதமாகக் குறைந்தது. பத்தாண்டுகளில் அது 50 சதவீதமாகும். 15 டாலருக்கு மேற்பட்டவற்றுக்கு உடனடியாக 75, பத்தாண்டுகளில் 25. ஐந்து டாலருக்குக் குறைந்தவற்றுக்குச் சலுகை இல்லை. இந்த வாசல் வேண்டுமென்றே வைக்கப்பட்டது. மலிவான வெளிநாட்டு ஒயின் வெள்ளமாக வந்தால் நாசிக்கும் நந்தி மலையும் அடித்துச் செல்லப்படும் என்ற அச்சமே காரணம். ஐரோப்பிய ஒன்றியத்துடனான பேச்சு நிறைவடைந்ததாக 2026 ஜனவரி 27-ம் தேதி அறிவிக்கப்பட்டபோதும் ஒயின் வரிக் குறைப்பு பெரிதாகப் பேசப்பட்டது.

அவர்கள் இந்தியச் சந்தையின் கதவைத் தட்டுவதற்குக் காரணம் உண்டு. சர்வதேச திராட்சை, ஒயின் அமைப்பின் மதிப்பீட்டின்படி 2024-ல் உலக ஒயின் நுகர்வு 1961-க்குப் பிந்தைய மிகக் குறைந்த அளவுக்கு இறங்கியது. பிரான்ஸிலேயே இளைஞர்கள் ஒயினைக் கைவிட்டு வருகின்றனர். அங்கே கொடிகளைப் பிடுங்க அரசே பணம் தருகிறது. தலைக்கு ஆண்டுக்கு ஒரு சிறு குவளைகூடத் தேறாத இந்தியாதான் அவர்கள் கண்ணுக்குப் பசும்புல்லாகத் தெரிகிறது.

மும்பையில் வந்து நின்ற வழக்கு: சூப்பர் மார்க்கெட்டில் ஒயின் என்பது எவ்வளவு கொதிப்பான விஷயம் என்பதை மகாராஷ்டிரம் காட்டியது. 2022 ஜனவரி 27-ம் தேதி, 100 சதுர மீட்டருக்கு மேற்பட்ட சூப்பர் மார்க்கெட்டுகளில் தனி அலமாரியில் ஒயின் விற்க அன்றைய உத்தவ் தாக்கரே அமைச்சரவை அனுமதி அளித்தது. வழிபாட்டுத் தலங்கள், கல்வி நிலையங்களுக்கு அருகே கூடாது என்ற நிபந்தனையும் இருந்தது. திராட்சை விவசாயிகளுக்கு நன்மை என்றது அரசு. ஒயின் மதுவே அல்ல என்றுகூட ஆளுங்கட்சித் தரப்பில் வாதிடப்பட்டது. பாரதிய ஜனதா எதிர்த்தது. உண்ணாவிரதம் இருக்கப் போவதாக அண்ணா ஹசாரே அறிவித்தார். சில மாதங்களில் ஆட்சியே மாறியது. முடிவும் நடைமுறைக்கு வரவில்லை.

ஒயின் மதுவே அல்ல என்ற வாதம் செல்லாது. பாதுகாப்பான அளவு என்று எதுவும் இல்லை என உலக சுகாதார நிறுவனம் 2023 ஜனவரியில் திட்டவட்டமாகக் கூறிவிட்டது. ஆனால் விவசாயிக்கு நன்மை என்ற வாதத்தை அவ்வளவு எளிதில் தள்ள முடியாது. 2020 மார்ச், ஏப்ரலில் ஊரடங்கு வந்தபோது கோலார், சிக்கபள்ளாப்பூர் தோட்டங்களில் பழுத்த திராட்சை பறிப்பாரின்றிக் கொடியிலேயே நின்றது. சந்தை மூடினால் பழம் இரண்டு வாரம் தாங்காது. ஒயினாக மாறிவிட்டால் ஆண்டுக்கணக்கில் தாங்கும். அந்த ஆண்டு இழப்பைக் கண்ட விவசாயிக்கு இந்த விவாதத்தில் சொல்ல நிறைய இருக்கிறது. அவரைத்தான் யாரும் கேட்பதில்லை.

வாங்குவோர் கவனிக்க: சட்டப்படி வயது வந்து, விலக்கேதும் இல்லாமல், வாங்கத்தான் போகிறோம் என்போருக்குச் சில செய்திகள். தில்லியில் அந்த வயது 25, தமிழகத்தில் 21 என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

முதலில் பார்க்க வேண்டியது லேபிளின் அழகை அல்ல, அறுவடை ஆண்டை. இந்தியாவில் ஒயின் திராட்சை பெரும்பாலும் ஜனவரி முதல் மார்ச் வரை அறுவடையாகிறது. வெள்ளை ஒயினையும் ரோஜா நிற ஒயினையும் இரண்டு ஆண்டுகளுக்குள் அருந்திவிடுவது நல்லது. பழையது சிறந்தது என்ற பொதுநம்பிக்கை, மிகச் சில உயர்தர ஒயின்களுக்கே பொருந்தும். சூப்பர் மார்க்கெட் அலமாரியில் ஐந்து ஆண்டாக நிற்கும் வெள்ளை ஒயினுக்குத் தள்ளுபடி தருகிறார்கள் என்றால் அது சலுகை அன்று.

அடுத்தது வெப்பம். கடை மூடியதும் குளிர்சாதனத்தை நிறுத்திவிடுகிறார்கள். பெங்களூரில் சமாளிக்கலாம்; தில்லிக் கோடையில் முடியாது. இக்கட்டுரையாளர் ஒருமுறை தலைநகரில் ஒரு கடையின் கண்ணாடிச் சன்னலோரம் இருந்த விலையுயர்ந்த புட்டியை விருந்தினருக்காக வாங்கிச் சென்று, திறந்ததும் வேகவைத்த பழ வாடை வீசியதில் வெட்கப்பட நேர்ந்தது. விருந்தினர் மரியாதைக்காக ஒரு வாய் அருந்திவிட்டுத் தண்ணீர் கேட்டார். அன்று முதல் விளக்குக்கு நேர் கீழேயும் சன்னலுக்கு அருகேயும் இருக்கும் புட்டிகளைத் தொடுவதில்லை. அடித்தட்டில், பின்வரிசையில் இருப்பதை எடுப்பதே வழக்கம்.

தக்கை அடைப்புதான் உயர்வு, திருகு மூடி மட்டம் என்ற எண்ணமும் பழசாகிவிட்டது. வீட்டில் உடனே அருந்தும் ஒயினுக்குத் திருகு மூடியே பாதுகாப்பு. தக்கை கெட்டு ஒயின் கெடும் தொல்லை இல்லை. நம் உணவுக்கு எது பொருந்தும் என்றால், மிளகும் மிளகாயும் தூக்கலான குழம்புக்குத் துவர்ப்பான சிவப்பு ஒயின் எரிச்சலைக் கூட்டும். லேசான இனிப்புள்ள செனின் பிளாங்க் ஒத்துப்போகும். ஆட்டுக்கறி வறுவலுக்கு ஷிராஸ். மீதம் வைத்தால் குளிர்பதனப் பெட்டியில் மூன்று நாள். அதற்கு மேல் சமையலுக்குத்தான். தகர டப்பாவில் சிறு அளவில் வரும் இந்திய ஒயின்கள் இந்தத் தொல்லையைத் தீர்த்துள்ளன. அண்மை ஆண்டுகளில் இளைஞர்களிடம் ஒயின் பரவியதில் அவற்றுக்கும் பங்குண்டு.

புட்டியின் பின்புறம் எச்சரிக்கை வாசகம் இருக்கும். உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் மது விதிகள் 2019 ஏப்ரல் முதல் அதைக் கட்டாயமாக்கியுள்ளன. ஆல்கஹால் சதவீதமும் குறிப்பிடப்பட வேண்டும். இரண்டையும் படிப்பவர் அரிது.

மீண்டும் தங்கவயல்: இவ்வூருக்கு ஒயின் அந்நியமானதன்று. 1880 முதல் ஜான் டெய்லர் நிறுவனம் சுரங்கங்களை நடத்திய காலத்தில் இங்கே கிளப் இருந்தது, கோல்ஃப் மைதானம் இருந்தது, 1902-ல் சிவசமுத்திரத்திலிருந்து மின்சாரமும் வந்தது. துரைமார் மேசையில் சீமைப் புட்டிகள். சுரங்கத்தில் இறங்கிய தமிழருக்குச் சாராயக் கடை. நடுவே வாழ்ந்த ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள் கிறிஸ்துமஸுக்கு வீட்டிலேயே திராட்சை ஒயினும் இஞ்சி ஒயினும் ஊறவைத்தன. இவ்வூரில் பிறந்த சமையற்கலை எழுத்தாளர் பிரிட்ஜெட் வைட் குமார் அந்த வாழ்க்கையைத் தம் நூல்களில் பதிவு செய்துள்ளார்.

இப்போது சயனைடு மண்மேடுகளில் எஞ்சிய தங்கத்தை எடுக்கும் திட்டத்துக்குக் கர்நாடக அமைச்சரவை 2024 ஜூனில் ஒப்புதல் அளித்துள்ளது. அதனால் எத்தனை பேருக்கு வேலை என்று இங்குள்ளவர்கள் கணக்குப் பார்க்கின்றனர். மேடுகளுக்கு அப்பால், மாவட்டத்தின் ஏரிகள் சிலவற்றில் 2018 முதல் பெங்களூரின் சுத்திகரித்த கழிவுநீர் நிரப்பப்படுகிறது. ஆழ்குழாய்க் கிணறுகள் வற்றிய தோட்டங்களில் அதனால் நிலத்தடி நீர் ஊறியிருப்பது உண்மை. அந்த நீர் எவ்வளவு தூய்மையானது என்ற சர்ச்சையும் ஓயவில்லை. ஒரு புட்டி ஒயினுக்குப் பின்னால் இந்தத் தண்ணீரும் இருக்கிறது.

டிசம்பர் தொடங்கியதும் தங்கவயல் வீடுகள் சிலவற்றில் பீங்கான் பரணிகள் அலமாரியின் மேலிருந்து இறங்கும். சந்தையில் வாங்கிய நீலத் திராட்சை, சர்க்கரை, ஒரு கைப்பிடி கோதுமை, நாலு கிராம்பு, கொஞ்சம் ஈஸ்ட். துணி கட்டி இருட்டறையில் வைத்து, நாள்தோறும் மரக்கரண்டியால் கிளறி, 21-வது நாள் வடிகட்டுவார்கள். உரிமமின்றி இதைச் செய்யக் கூடாது என்று கேரளக் கலால் துறை 2019 டிசம்பரில் எச்சரித்தபோது, இங்கும் பல வீடுகளில் அந்தச் செய்தியைப் பேசிக்கொண்டே கிளறியிருப்பார்கள். இரவு ரயிலில் பெங்களூரிலிருந்து திரும்பும் விற்பனையாளர், பகலெல்லாம் ரூ. 2,000 புட்டிகளை அடுக்கிய கையால் வீட்டுப் பரணியைத் திறந்து, இன்னும் எத்தனை நாள் என்று அம்மாவைக் கேட்கிறார்.